தாமதத்துக்குக் காரணம்

விரல் எடுக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அந்த மெஷினைப் பையிலிருந்து எடுத்து, துடைத்து, வயரைச் செருகி, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் உதட்டைப் பிதுக்குவாய். வேண்டாம். வலது கை மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடியிருக்கிறது, விரல் நிமிராது. இடது கையைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார் பார், அதை வெளியே எடுக்கவே மாட்டார். முகத்தைப் பிடித்தே பென்ஷனுக்கு உயிர்ச் சான்று போடலாமாமே, செல்போனில்? அதைச் செய்.

சர்வர் கிடைக்கவில்லையா? சரி, உட்கார். கிடைக்கும்போது கிடைக்கட்டும். காபி வேண்டாமா? வேண்டாமென்றால் போ. மீன் அரிந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் செதில், அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே. பேர் என்ன சொன்னாய்? வினோதா. தபால்காரப் பெண் என்று போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் கிராப்பட்டிக்கு இதுவரை ஆண்கள்தான் வந்திருக்கிறார்கள்.

அவரை அப்படிப் பார்க்காதே. பாவம் என்றுதானே நினைக்கிறாய்? படுக்கையில் கிடக்கிற ஆள் எல்லாம் பாவம் என்று ஆரம்பித்தால் நிற்கிறவளுக்கு என்ன பேர்? நான் எழுந்தது நாலரை மணிக்கு. அவர் மலத்தை வாரினது நான். தாடி மழித்தது நான். மகன் எங்கே என்று கேள். குவைத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அப்பா எப்படி இருக்கார் பெர்னா?" என்று கேட்பார். அவ்வளவுதான் என் வீட்டுக்காரரின் பங்கு.

இவர் பேர் சவரிராயன். என் மாமனார். எழுபத்தைந்து முடிந்துவிட்டது. ரயில்வேயில் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுவாரே, அந்த வேலை. முப்பத்தாறு வருஷம். "கார்டு பச்சை காட்டாம டிரைவர் ஒரு இஞ்ச் நகர்த்த முடியாது, தெரியும்ல?" இதை வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார். எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். நீயே பெருக்கிக்கொள்.

இன்னொன்று கேள். வண்டி வழியில் இரண்டு நிமிஷம் நின்றால்கூட எதற்கு நின்றது என்று எழுத வேண்டுமாம். நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டாம், தாமதத்துக்குக் காரணம் என்று. மானாமதுரை லைனில் எருமை குறுக்கே வந்தது, நாலு நிமிஷம். கார்பன் வைத்துத்தான் எழுதுவார். மேல் தாள் ஆபீசுக்கு, அடித்தாள் தனக்கு. சரி, வேலையில் எழுதினாய், எழுது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தும் விடவில்லையே! ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு. ஏழு எட்டுக்குத் தட்டு வந்தது என்று வை, மறுநாள் மேஜையில் நோட்டு திறந்திருக்கும். 'இரவு உணவு, எட்டு நிமிஷம் தாமதம். காரணம்: மருமகள் தொலைக்காட்சி.' இந்தக் கண்ணால் படித்தேன். கழுத்தைத் திருகலாம் போல இருக்குமா, இருக்காதா?

அடி என்பது இந்த வீட்டில் நான் கொண்டுவந்த சாமான் இல்லை, அதையும் தெரிந்துகொள். என் மாமியார், புண்ணியவதி, கல்லறைக்குப் போகும்போது முன்பல் இரண்டு இல்லை. சொத்தையில் விழுந்த பல் இல்லை அது. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றினால் முதுகில் கோடு கோடாக இருக்கும். கொடிக்கம்பு. பச்சைக் கொடிக் கம்பா சிவப்புக் கொடிக் கம்பா என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். சிரிக்கவில்லை அந்த மனுஷர்.

எனக்கு அதிர்ச்சியாக இல்லை. நான் கான்வென்ட்டில் படித்தவள். கணக்கு எடுத்தது சிஸ்டர் எவாஞ்சலின். அவர் கையில் ஓர் அடிஸ்கேல் இருக்கும், மரம்தான், ஒரு விளிம்பில் இரும்புத் தகடு. அந்த விளிம்பால் விரல் முட்டியில் அடிப்பார். எண்ணிக்கொண்டே அடிப்பார். "எண்ணாமல் அடித்தால் அது கோபம், எண்ணி அடித்தால் அது திருத்தம்." எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்! கெட்டா போனேன்? கணக்கில் தொண்ணூற்றாறு. பள்ளியை விட்டு வரும்போது அந்த ஸ்கேலை எனக்கே பரிசாகக் கொடுத்தார். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறதே, அதுதான். தொடாதே, விளிம்பு அறுக்கும்.

இன்னும் கிடைக்கவில்லையா சர்வர்? மொட்டை மாடியில் எடுக்கும், இந்தக் கூடத்தில் கொஞ்சம் கஷ்டம். இருக்கட்டும், நான் சொல்லி முடித்துவிடுகிறேன். எல்லாம் எங்கே தொடங்கிற்று என்றால் வருமான வரியில். உனக்கு அது தெரியாது, உன் சம்பளத்துக்கு வராது. இவருக்கு மாதம் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் பென்ஷன். ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்ததை வங்கியில் போட்டிருக்கிறார், அதில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வட்டி. எல்லாம் சேர்த்தால் ஏழு லட்சத்தைத் தொடும். ஒரு பிப்ரவரியில் பென்ஷன் பாதிகூட வரவில்லை. என்னவென்று கேட்டால், வரியாம். பிடித்துக்கொண்டார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் மாமா, ஒழச்சு ஓஞ்சு ஒக்காந்த ஆளுகிட்டயுமா புடுங்குவாங்க? பென்ஷனுக்கு என்ன வரி?"

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "பென்ஷனும் சம்பளந்தான் பெர்னா. அப்ப குடுக்காமப் பிடிச்சு வச்சதை இப்பக் குடுக்குறான். சம்பளம்னா வரி உண்டு. ரிட்டயர் ஆனப்ப மொத்தமா ஒரு தொகை வாங்கினேன்ல, அதுக்குக் கேட்டானா? கேக்கல. மாசாமாசம் வர்றதுக்குத்தான். வட்டிக்கும் உண்டு. கெழவன்னு பாத்து அதுல அம்பதாயிரம் விட்டுக்குடுக்குறான். போதும்ல?"

"அப்ப கட்டிட்டு கம்முனு இருக்கச் சொல்றீங்க?"

"ரோடு போடுறான். ரயில் விடுறான். நான் ஓசியிலயா போனேன்?"

இப்படிப் பேசுகிற வாயில் என்ன போட்டு அடைப்பாய்? சொல்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது என்மேல் திருப்புவார்கள். அதற்கு முந்தின ஏப்ரலில் வங்கியில் ஒரு தாள் கொடுத்தார்கள். பழைய வரி முறையா, புது முறையா, எது வேண்டும் என்று. மாமாவுக்குக் கண் புரை அறுவை ஆகிக் கட்டுப் போட்டிருந்த சமயம். நான்தான் நிரப்பினேன். பழையது என்று டிக் அடித்தேன். ஏன் அடித்தேன்? புதுசு என்று எவன் எதை நீட்டினாலும் அதில் ஓர் ஏமாற்று இருக்கும். கேஸ் அடுப்பிலிருந்து கேபிள் டிவி வரை பார்த்துவிட்டேன். அங்கே இருந்த பொண்ணு, "மேடம், ரெண்டையும் ஒருதடவை கணக்குப் பாத்துட்டு..." என்று இழுத்தாள். "நான் கணக்கில தொண்ணூத்தாறும்மா" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம்தான் பன்னீர். பாலக்கரையில் ஜெராக்ஸ் கடை. பிடித்த வரியைத் திருப்பி வாங்கிக் கொடுப்பான், பத்துக்கு ஒன்று அவனுக்கு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். போய் உட்கார்ந்தேன்.

"மேடம், வீட்டுல ஊனமுற்றவங்க யாராச்சும்?"

"இல்லை."

"சாருக்கு என்ன வயசு?"

"எழுபத்தி மூணு."

"முட்டி வலி?"

"யாருக்குத்தான் இல்லை?"

"போதும் மேடம். எம்பது பர்சென்ட் ஊனம்னு போட்டா ஒண்ணேகால் லட்சம் கழிவு. அஞ்சு லட்சத்துக்குக் கீழ வந்துரும், வரியே கெடையாது. புடிச்சது பூரா திரும்பிரும்."

"சர்டிஃபிகேட்?"

"யாரு மேடம் கேக்குறா?"

மாமாவின் போன் என் கையில்தான் இருக்கும். அதற்கு ஓர் எண் வந்தது, படித்துச் சொன்னேன். முடிந்தது. பொய் என்கிறாயா? அடுத்தவனுக்குக் கெடுதல் செய்தால் அது பொய். இதில் யாருக்கு என்ன கெடுதல்? எங்கள் பணம், எங்களுக்கு வந்தது. செப்டம்பரில் முப்பத்தோராயிரத்து இருநூறு வந்தது. பன்னீருக்குக் கொடுத்தது போக மீதிக்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. மாடிப்படி இறங்குகிற இடத்தில் வைத்திருக்கிறேன், வரும்போது பார்த்திருப்பாய். விரிசல் விட்டிருக்கிறதே, அது பிறகு.

"இதுக்கு ஏது காசு?" என்றார்.

"வரி திரும்பி வந்துச்சு."

"எப்பிடித் திரும்பும்?"

"திரும்பிருச்சு மாமா. துணி துவைக்கவா, உங்க கேள்விக்குப் பதில் சொல்லவா?"

ஜனவரியில் வருமான வரி ஆபீசிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. போனுக்குத்தான் வரும் இப்போதெல்லாம். நான் பூசைக்குப் போயிருந்தேன், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனது என் தப்பு. நீங்கள் ஊனம் என்று கழிவு கேட்டிருக்கிறீர்கள், சான்றை அனுப்புங்கள், இத்தனை நாளுக்குள் பதில் போடுங்கள். இவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருக்கிறார்.

நான் காபியைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் முகம் செங்கல் மாதிரி இருந்தது.

"என்னை நொண்டின்னா எழுதிக் குடுத்த?"

"எழுத்துதானே மாமா. காலையா வெட்டிட்டேன்?"

"தெனம் ஜி கார்னர் மைதானத்தை நாலு சுத்துச் சுத்துறவன்டி நான்! கவர்மென்ட்டுகிட்டப் போயி என்னை நொண்டின்னு..."

டம்ளர் வந்தது. கொதிக்கிற காபியோடு வந்தது. இங்கே பார், புருவத்துக்கு மேலே. மூன்று தையல். கிட்ட வந்து பார், கூச்சப்படாதே. இது யாருக்கும் தெரியாது. படுத்திருக்கிறவருடைய கையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். முதலில் கை நீட்டியது யார்? எழுதிக்கொள், அவர்தான்.

நான் அழவில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடமே கேட்டேன். "இப்ப என்ன செய்யப் போறீங்க?" "நான் ஊனமில்ல, தப்பா வாங்கிட்டேன், வட்டியோட கட்டிடுறேன்னு எழுதப் போறேன்" என்றார். எழுதினால் என்ன ஆகும் என்று தெரியுமா உனக்கு? அபராதம் போடுவார்கள். பன்னீர் சொன்னான், எடுத்த கையை வெட்டுகிற மாதிரி போடுவார்களாம், இரண்டு மடங்காம். கேஸ்கூட வருமாம். போன் யார் கையில் இருந்தது, எண்ணை யார் படித்துச் சொன்னார்கள் என்று துருவினால்? நான் மானமாக வாழ்கிறவள். கோவிலில் வாசகம் படிக்கிறவள்.

பிப்ரவரி ஆரம்பம். மத்தியானம் தூங்கி எழுந்து வந்து பார்க்கிறேன், மேஜையில் உட்கார்ந்து கார்பன் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். 'மதிப்புக்குரிய ஐயா' என்று. நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற" என்றார். ஸ்கேல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. பேனா பிடித்த விரலில் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. குழந்தையைத் தட்டுகிற மாதிரி.

பேனா விழுந்தது. குனிந்து எடுத்தார். திரும்ப எழுதினார். அப்போது இன்னொரு தட்டு. சரி, இரண்டு. தாளைக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு ராத்திரி முட்டி வீங்கி, சோறு பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டார். கொடுத்தேனே! மஞ்சள் பத்துப் போட்டதும் நான்தான். யார் போடுவார்கள், சொல்.

மறுநாள் இடது கையால் எழுதிப் பழகுகிறார்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, அ, ஆ என்று. எனக்கு எப்படி இருக்கும்? அப்படியே பிடித்துத் தூக்கி அந்த மெஷினுக்குள் போட்டுச் சுற்றவிடலாம் போல இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், நாலைந்து தட்டு ஆகியிருக்கலாம். யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

மார்ச் மாதம், தவக்காலம். நான் வெள்ளிக்கிழமை விரதம். காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு படி இறங்கப் போகிறார். கையில் இரண்டு தாள். "எங்க?" என்றேன். "வருமான வரி ஆபீஸுக்கு. தபால்ல போட்டா நீ பாத்துருவ. நடந்து போயி நானே குடுத்துடுறேன். நடந்து போறதே பெரிய சாட்சி." என்ன குதர்க்கம் பார். நான் தாளின் அந்தப் பக்கத்தைப் பிடித்தேன். அவர் இந்தப் பக்கத்தைப் பிடித்தார். மேல்படியில் அவர், கூடத்து வாசலில் நான். இழுத்தேன். இழுத்தார். எழுபத்துநாலு வயதில் என்ன பிடி என்கிறாய்! என் விரல் வலித்தது.

விட்டேன்.

அவ்வளவுதான். நான் தள்ளவில்லை. இதைத்தான் ஆஸ்பத்திரியிலும் சொன்னேன், என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன், பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடமும் சொன்னேன். பிடித்து இழுத்திருந்தால் நாலு பேர் கேட்கலாம். விட்டதற்கு யார் என்ன கேட்பார்கள்?

பதினோரு படி. கடைசியில் போய் மெஷினில் மோதினார். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. இடுப்பெலும்பு இரண்டு துண்டு, மணிக்கட்டு மூன்று. மெஷின் கதவில் குறுக்காக ஒரு விரிசல். இன்றைக்கு வரைக்கும் ஒழுகுகிறது. கண்ணாடி மட்டும் மாற்ற ஆறாயிரம் கேட்கிறான்.

அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மூளையில் ஒன்றும் இல்லையாம், நாக்கில் ஒன்றும் இல்லையாம். பேசலாமாம். பேசமாட்டேன் என்கிறார், அவ்வளவு திமிர். எட்டு மாதமாக ஒரு சொல் இல்லை. நானே பேசி, நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அதனால்தான் உன்னைக் கண்டதும் இவ்வளவு பேசுகிறேன்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? ஆஸ்பத்திரியில் அந்த எலும்பு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே நடக்க மாட்டார்மா. ஊனச் சான்றுக்கு எழுதித் தர்றேன். எண்பது சதவீதம் வரும்" என்றார். எண்பது! பன்னீர் சொன்ன அதே எண்பது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடவுளாகப் பார்த்துச் சான்று கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் பன்னீரிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "தேதி ஒத்து வராது மேடம். நாம கேட்டது போன வருஷத்துக்கு. சார் விழுந்தது இந்த வருஷம்ல?" கொஞ்சம் முன்னாலேயே விழுந்திருக்கலாம். என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் ஒரு நேரம்.

என் கையில் கிழிந்து நின்ற பாதித் தாளை வார்டில் உட்கார்ந்து படித்தேன். பொழுது போகவில்லை, படித்தேன். கணக்குப் போட்டிருந்தார். இடது கை எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. பழைய முறையில் இவ்வளவு வரி. அதற்குக் கீழே, புது முறை. ஏழு லட்சம் வரைக்கும் வரியே கிடையாது என்று அந்த வருஷமே வந்துவிட்டதாம். அதை எடுத்திருந்தால் பிடித்த முப்பத்தோராயிரத்து இருநூறும் நியாயமாகவே திரும்பி வந்திருக்குமாம். கழிவு கேட்டிருக்க வேண்டாம். ஊனம் எழுதியிருக்க வேண்டாம். 'புதிய முறைப்படி வரி: இல்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

இதை எவன் அப்போது சொன்னான்? வங்கிப் பொண்ணு வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சம்பளம் எதற்கு வாங்குகிறாள்? அந்தத் தாளை அங்கேயே நாலாக, எட்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

வந்துவிட்டதா சர்வர்? அப்பாடா. செய், செய். முகத்துக்கு நேராகப் பிடி. மாமா! இங்க பாருங்க. போனைப் பாருங்க. என்ன சொல்கிறது அது? கண்ணைச் சிமிட்ட வேண்டுமா? ஏன்? ஓ, போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிடுவார்கள் என்றா? சரி. மாமா, கண்ணைச் சிமிட்டுங்க. மூடித் தொறங்க. அவ்வளவுதான்.

சிமிட்டமாட்டேன் என்கிறார் பார். நீ உள்ளே வந்தபோது சிமிட்டிக்கொண்டுதானே இருந்தார்? இப்போது பார், மீன் மாதிரி விழித்துக்கொண்டு. இன்னொரு தடவை பிடி. மாமா! பென்ஷன் நின்னுபோகும். நவம்பர் முடியப் போகுது. உங்க மாத்திரைக்கு யாரு குடுப்பா, உங்க மகனா? சிமிட்டுங்க!

கண்ணில் தண்ணீர் வருகிறதா? அழுகை இல்லை அது. இவர் அழுது யார் பார்த்தார்கள். மூடாமல் வைத்திருந்தால் காய்ந்து தண்ணீர் வரும், யாருக்கும் வரும். இரு. அந்த ஸ்கேலை எடு. எடும்மா, ஃப்ரிட்ஜ் மேலிருந்து. அடிக்கவா போகிறேன்? முகத்துக்கு முன்னால் ஒரு வீசு வீசினால் கண் தானாக மூடும், மூடாமல் எங்கே போகும்? சரி, நீ எடுக்காதே, நானே எடுக்கிறேன்.

இதோ. இதோ. பார்த்தாயா? மூக்குக்கு ஓர் அங்குலத்தில் வீசுகிறேன், இமை அசைகிறதா? கல். கல் மனசு. இப்போது புரிகிறதா நான் என்ன பாடு படுகிறேன் என்று?

என்ன? காபியா? அப்போது வேண்டாம் என்றாய். சரி சரி, போடுகிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும், ஐந்து நிமிஷம் ஆகும். நீ அதற்குள் அவரை ஏதாவது பேசிப் பார். உன்னிடம் மசிய மாட்டார், இருந்தாலும் பேசிப் பார்.

சர்க்கரை எவ்வளவு? ஏம்மா, உன்னைத்தான். சர்க்கரை? என்ன அங்கே குசுகுசு? சரி, ஒரு ஸ்பூன் போடுகிறேன்.

என்ன, முடிந்துவிட்டதா? நிஜமாகவா? சிமிட்டினாரா? காட்டு. இதோ என் போனுக்கும், அதாவது அவர் போனுக்கும் வந்துவிட்டது. உயிர்ச் சான்று ஏற்கப்பட்டது. அடேயப்பா! என்ன மாயம் பண்ணினாய்? ஒரு வருஷத்துக்குக் கவலை விட்டது. இந்தா, காபியைக் குடி. ஏன் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாய்? உட்கார்ந்து குடி.

இது என்ன, இவர் கை வெளியே இருக்கிறது? மாமா, கை ஏன் தலையணைக்கு வெளியே வந்தது? கை தூக்கிக்கொண்டு நிற்கிறது பார், கொடி பிடித்த மாதிரி. இறக்குங்க, போறவளுக்கு என்ன டாட்டாவா?

உன் பையில் அது என்ன, பழுப்புக் கவர்? வரும்போது இல்லையே. நான் பார்த்தேன், பை திறந்திருந்தது, மெஷின் மட்டும்தான் இருந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரியும். எறும்பு ஊர்கிற எழுத்து. கொடு இங்கே. கொடு என்கிறேன்! கையில் வாங்கினால் வாங்கினதுதானா? யார் சட்டம் அது? பதிவுத் தபாலா? அதற்குக் காசு யார் கொடுத்தார்? நீயா? உனக்கு எதற்கு இந்த வேலை?

அப்போ கவரை வாங்கிக்கொண்ட பிறகுதான் சிமிட்டினாரா? என் வீட்டில் உட்கார்ந்து, என் காபியைக் கேட்டு...

இரு. இவர் நகல் எடுக்காமல் எழுத மாட்டார். தலையைத் தூக்குங்க மாமா. தூக்குங்க. இதோ இருக்கிறது, கார்பன் தாள். தலைமாட்டு மேஜையில் கிடந்த பழைய நோட்டும் பேனாவும்கூட அடியில்தான்! போகாதே, செருப்பை மாட்டாதே, நில். நீயே கேள், என்ன எழுதியிருக்கிறார் என்று.

'மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் கேட்ட ஆண்டில் நான் ஊனமுற்றவன் அல்லன். இப்போது என்னால் நடக்க இயலாது. ஆனால் அந்த ஆண்டில் நாள்தோறும் மைதானத்தை நான்கு சுற்று நடந்தேன். ஆகவே அந்தக் கழிவு எனக்குச் சேராது. பெற்றதை வட்டியுடன் செலுத்திவிடுகிறேன்.' பார்த்தாயா? இந்த நிலைமையிலும் பார்த்தாயா? நடக்க முடியாத ஆளுக்கு எதற்கு இந்த...

'இந்தப் பதில் ஒன்பது மாதம் தாமதமாக வருவதற்கு வருந்துகிறேன். தாமதத்துக்குக் காரணம்.'

காரணமாம். கட்டம் போட்டிருக்கிறார். வருமான வரிக்காரனுக்குக் கட்டம்!

'என் தரப்பில்: ஜனவரி பத்தொன்பது, காலை 8.20. டம்ளர் ஒன்று, காபியுடன், மருமகள் நெற்றியில். தவறு என்னுடையது.

மருமகள் தரப்பில்: பிப்ரவரி எட்டு, மாலை 4.10 முதல் 4.14 வரை. இரும்பு விளிம்பு வைத்த அடிஸ்கேல். வலது கை. பதினேழு அடி.'

பதினேழா?

நில்லம்மா! வாசலைத் தாண்டாதே! என்ன பார்க்கிறாய், ஸ்கேல் என் கையில் இருந்தால் என்ன? உன்னை என்ன செய்தேன்? இதைக் கேட்டுவிட்டுப் போ. பொய் எழுதியிருக்கிறார். கார்டாம், நோட்டாம், நிமிஷமாம், பச்சைப் பொய். பதினேழு என்று அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறார், நாளைக்கு அவன் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வான்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். நான் எண்ணித்தான் அடித்தேன். பதினாலு.